கண்டிப் பிரதேசத்தில் கோழி வளர்ப்பு: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்து வரலாற்றை எழுதியோர் அரசர்களின் போர்களையும், குளங்களின் அமைப்பையும், சமய நிறுவனங்களின் எழுச்சி வீழ்ச்சியையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். பிரித்தானியர் காலத்தைப் பொறுத்தவரையில் கோப்பி, தேயிலை, இறப்பர் ஆகிய ஏற்றுமதிப் பயிர்களே அவர்தம் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தன. சாதாரண மக்களின் முற்றத்தில் நிகழ்ந்த சிறு உற்பத்தி முயற்சிகள் ஆவணங்களில் அரிதாகவே இடம்பெற்றமையால், வரலாற்று நூல்களிலும் அவை அரிதாகவே இடம்பெறுகின்றன. கோழி வளர்ப்பு அத்தகைய முயற்சிகளுள் ஒன்றாகும்.

கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களையும் தோட்டங்களையும் களமாகக் கொண்டு, புதிதாகக் கோழி வளர்க்க முற்பட்டோர் வெவ்வேறு காலங்களில் எத்தகைய நிலைமைகளை எதிர்நோக்கினர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கோழி வளர்ப்பு எளிய தொழில் என்பது பொதுவான கருத்து. ஆயினும் பொரித்த குஞ்சு ஒன்று முட்டையிடும் பேடாவதற்கு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் செல்லும். அந்த ஐந்து மாதமும் அதற்குத் தீனி வேண்டும். நோயிலிருந்து பாதுகாப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வளர்ப்பவர் அதே இடத்தில் நிலைத்திருக்க வேண்டும். இம்மூன்றும் யாருக்கு, எப்போது, எந்த அளவிற் கிடைத்தன என்ற வினா பொருளாதார வரலாற்றின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகவே அமைகின்றது.

காட்டுக்கோழியும் மனைக்கோழியும்

இலங்கையின் தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழி இத்தீவுக்கே உரிய இனமாகும். உலர் வலயக் காடுகள் முதல் மத்திய மலைநாட்டின் உயர்ந்த காடுகள் வரை அது இன்றும் வாழ்கின்றது. எனினும் வீட்டுக்கோழியின் மூதாதை அதுவன்று. தென்கிழக்காசியாவைச் சேர்ந்த செந்நிறக் காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை என்பதை மரபணு ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. தென்னிந்தியாவின் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து மஞ்சள் தோலுக்குரிய மரபணு வீட்டுக்கோழிக்கு வந்து சேர்ந்தது என்பதும் 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றினால் தெரியவந்தது. ஆகவே கண்டிக் கிராமத்து முற்றத்தில் மேயும் ஊர்க்கோழி, மனிதரோடு கடல் கடந்து வந்து குடியேறிய பறவையே எனலாம்.

தமிழர் வாழ்வில் கோழி பெற்றிருந்த இடம் மிகத் தொன்மையானது. சங்கப் பாடல்கள் மனைக்கோழியையும் காட்டுக்கோழியையும் வேறுபடுத்திக் கூறுகின்றன. சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் வழங்கிற்று. முருகனின் கொடியிற் பொறிக்கப்பட்டிருப்பதும் சேவலே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மலைநாட்டுக்கு வந்த மக்கள் இத்தொன்மையான பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர் என்பதை விளங்கிக்கொள்ள இப்பின்னணி உதவும்.

கண்டி இராச்சியத்தில் ஒரு கைதியின் கோழிகள்

கண்டிப் பிரதேசத்தில் ஒருவர் புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்கிய செய்தியைத் தரும் பழைய சான்றுகளுள் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயரின் நூல் குறிப்பிடத்தக்கது. 1660ஆம் ஆண்டு திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரக் குடாவில் தந்தையோடும் ஏனைய மாலுமிகளோடும் சிறைப்பிடிக்கப்பட்ட இவர், இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்சிப்பரப்பில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் தடுத்துவைக்கப்பட்டிருந்தார். 1679இல் தப்பியோடி ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். அவருடைய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது.

கைதிகள் சிறைக்கூடத்தில் அடைக்கப்படவில்லை. கிராமங்களிற் பிரித்து வைக்கப்பட்டனர். உணவு கொடுக்கும் பொறுப்புக் கிராமத்தவர் மீது சுமத்தப்பட்டது. தமக்கெனச் சிறிது பொருள் தேட விரும்பிய நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடனாகக் கொடுத்து வட்டியாக நெல் பெற்றார். பன்றிகளையும் கோழிகளையும் வளர்த்தார். இறுதியாக அவர் குடியிருந்த இடம் உடுநுவரையிலுள்ள எலதெத்தை என்னும் கிராமமாகும். பேராதனைக்குத் தொலைவில் இல்லாத அவ்விடத்தில் ஒரு துண்டு நிலத்தை வாங்கி, வீடு கட்டி, ஆடுகளையும் கோழிகளையும் பெருக்கி வாழ்ந்தார்.

இச்செய்தியிலே வரலாற்று மாணவர் கவனிக்கவேண்டிய அம்சம் ஒன்றுண்டு. அரச ஆணையின்படி நொக்ஸ் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றப்பட்டவர். ஒவ்வொரு மாற்றத்தின் பின்னரும் வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்கவேண்டியிருந்தது. சொந்த நிலம் கிடைத்த பின்னரே அவருடைய வளர்ப்பு முயற்சி நிலைபெற்றது. கோழி வளர்ப்புக்கும் குடியிருப்பின் நிலைபேற்றுக்குமுள்ள தொடர்பு இவ்வாறு பதினேழாம் நூற்றாண்டிலேயே வெளிப்படுகின்றது.

கோழி உணவுக்காக மாத்திரம் வளர்க்கப்படவில்லை என்பதும் நொக்ஸின் நூலால் அறியப்படுகின்றது. நோயுற்றவர்கள் தெய்வங்களுக்கும் தீய ஆவிகளுக்கும் சேவலை நேர்ந்துவிடும் வழக்கத்தை அவர் விவரிக்கின்றார். அச்சேவல்களைத் திரட்டிச் செல்லும் பூசகர், அவற்றைப் பலியிடாது வேறிடங்களில் விற்றுப் பணமாக்கியதையும் சற்று ஏளனத்தோடு குறிப்பிடுகின்றார். கண்டி இராச்சியத்தில் கோழி ஒரு விற்பனைப் பண்டமாகவும் விளங்கியது என்பதற்கு இதுவும் ஓர் ஆதாரமாகும்.

லயனும் கோழிக்கூடும்

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானது. 1820களில் கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டத்தை உருவாக்கினார். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராகச் செய்யத் தொடங்கினார். கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்ததும் அதே ஆண்டிலேயாகும். இம்மாற்றங்களின் விளைவாகத் தமிழகத்திலிருந்து இலட்சக்கணக்கான தொழிலாளர் மலைநாட்டில் வந்து குடியேறினர்.

அவர்களுக்குக் கிடைத்த வசிப்பிடம் லயன் என்னும் நீண்ட வரிசைக் கட்டடத்தின் ஓர் அறை. அறையின் நீள அகலம் பெரும்பாலும் 12 அடிக்கு 10 அடி. லயனின் பின்புறத்திலோ ஓரத்திலோ கிடைத்த சிறு நிலத்தில் காய்கறிப் பாத்தியும் கோழிக்கூடும் அமைந்தன. அந்நிலம் தோட்டத்துக்குச் சொந்தமானது. அதிற் கூடு கட்டுவது நிர்வாகத்தின் இசைவைப் பொறுத்தது. பத்திரத்தினால் வந்த உரிமை எதுவும் தொழிலாளிக்கு இருக்கவில்லை.

தமிழகத்துக் கிராமத்து வளர்ப்பு முறை பெரும்பாலும் மாற்றமின்றியே இங்கு தொடர்ந்தது. அடைக்கு வந்த கோழியை மணல் அல்லது வைக்கோல் பரப்பிய கூடையில் அமர்த்தி முட்டைகளை வைப்பர். இடி முட்டையைக் கெடுத்துவிடும் என்ற நம்பிக்கையில் இரும்புத் துண்டோ அடுப்புக்கரியோ மிளகாய் வற்றலோ உடன் வைப்பதுண்டு. இருபத்தொரு நாளிற் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளுக்கு முதலில் நொய்யரிசி. பின்னர் அவை தாய்க்கோழியோடு மேய்ந்து கறையானும் புழுவும் தின்னும். பருந்துக்கும் கீரிக்கும் மரநாய்க்கும் அஞ்சிப் பஞ்சாரத்தால் மூடிவைப்பர். இம்முறைக்குப் பணச்செலவு இல்லை, பலனும் குறைவு. முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு வளர்த்து, மீண்டும் முட்டையிடும் நாட்டுக்கோழி ஆண்டொன்றுக்குச் சில பத்து முட்டைகளையே தரும். குஞ்சுகளிலும் பாதியேனும் பிழைத்தால் அதுவே பெரிது.

இவ்வருவாய் சிறிதாயினும், தோட்டத்துக் கணக்கேட்டில் ஏறாத வருவாய் என்பதே அதன் சிறப்பு. தொழிலாளியின் சம்பளம் நிர்வாகத்தின் கையிலும் கங்காணியின் கையிலும் கட்டுப்பட்டிருந்தது. கடனை எழுதி ஆளை மாற்றும் துண்டுமுறை 1921ஆம் ஆண்டு வரை நிலவிற்று. கோழி விற்ற காசும் முட்டை விற்ற காசும் அக்கட்டுக்கு வெளியே, பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் முந்தானை முடிச்சில் இருந்தன. பிள்ளையின் மருந்துக்கும் திருவிழாத் துணிக்கும் உதவிய அச்சிறு பணத்தைத் தோட்ட வரலாறுகள் கணக்கிலெடுப்பதில்லை.

சமய வாழ்விலும் சேவலுக்கு இடமிருந்தது. மாடசாமி, முனியாண்டி முதலிய கிராமத் தெய்வங்களோடு, தோட்டத் தொழிலிலிருந்தே தோன்றிய கவ்வாத்துச்சாமி, ரோதைமுனி போன்ற தெய்வங்களும் மலையகத்தில் வழிபடப்பட்டன. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் சேவல் பலியிடும் வழக்கம் மலையக நாட்டார் வழக்காற்று ஆய்வுகளிற் பதிவாகியுள்ளது. தொழிற்களத்தின் ஆபத்துகளுக்கு முன் தொழிலாளர் தேடிய காப்பாக இதனைக் கருதலாம்.

வெள்ளைக்கழிச்சலும் தடுப்புமருந்தும்

நாட்டுக்கோழி வளர்ப்பின் பெரும் பகை பருந்துமன்று, கீரியுமன்று. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் கொள்ளை நோயே. 1926ஆம் ஆண்டளவில் சாவகத்திலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தருகேயும் இந்நோய் இனங்காணப்பட்டது. இந்தியாவிற் குமாவோன் மலைப்பகுதியிலுள்ள ராணிக்கெட் என்னும் ஊரில் அறியப்பட்டதால், நமது நாட்டிலும் அது ராணிக்கெட் நோய் என்றே நெடுங்காலம் வழங்கிவந்தது. இந்நோய் கண்டால் சில நாட்களுள் ஒரு லயனிலுள்ள கோழிகள் யாவும் மடியக்கூடும்.

1940இல் ஐயர், டொப்சன் ஆகிய இருவரும் இந்தியாவின் முக்தேசுவர் ஆய்வுகூடத்தில், வீரியம் குறைக்கப்பட்ட நோய்க்கிருமியைக் கொண்டு இதற்கெதிரான தடுப்புமுறையை வெளியிட்டனர். ஆசிய நாடுகளின் கோழி வளர்ப்பில் இது ஒரு திருப்புமுனையாயிற்று. ஆனால் மருந்து கண்டுபிடிக்கப்படுவதும் அது சிற்றூர்க் கூட்டைச் சென்றடைவதும் ஒன்றல்ல. மருந்தைக் குளிரில் வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். ஒரு புட்டி நூற்றுக்கணக்கான கோழிகளுக்குரியது. திறந்தவுடன் பயன்படுத்தி முடிக்க வேண்டும். ஐந்தாறு கோழி வைத்திருக்கும் குடும்பத்துக்கு இதனாற் பயன் கிட்டுவது அரிது. அயலவர் எல்லாரும் ஒருநாளிற் கூடித் தம் கோழிகளுக்கு மருந்திடும்போதே அது பயன்தரும். தனிமனித முயற்சி எனக் கருதப்படும் கோழி வளர்ப்பு கூட்டுச் செயற்பாட்டை வேண்டி நிற்கும் இடம் இதுவாகும்.

பேராதனையும் புதிய கோழியும்

1912இல் விவசாயத் திணைக்களம் பேராதனையைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பட்டமை கண்டிப் பிரதேசத்தை விவசாய அறிவியலின் மையமாக்கிற்று. 1952இற் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தது. 1978இல் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் தனித் திணைக்களமாகி, கெட்டம்பையைத் தலைமையிடமாகக் கொண்டது. கோழிகளுக்கான தடுப்புமருந்துகள் கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகத்தில் உற்பத்தியாகின்றன. மத்திய கோழி ஆராய்ச்சி நிலையம் குண்டசாலையை அடுத்த கரந்தகொல்லையில் அமைந்துள்ளது. கண்டியின் இறுதிச் சிங்கள மன்னனான ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் மாளிகை அமைத்து வாழ்ந்த குண்டசாலை, இருபதாம் நூற்றாண்டில் விவசாயப் பாடசாலைக்கும் கோழி ஆராய்ச்சிக்கும் பெயர்பெற்ற இடமாயிற்று.

இந்நிறுவனங்களின் காலத்திலேயே றோட் ஐலண்ட் ரெட், வைற் லெக்ஹோர்ன், லைற் சசெக்ஸ், ஒஸ்ரலோப் முதலிய பிறநாட்டு இனங்கள் பரவலாயின. இவற்றுட் சிலவற்றின் வரலாறு சிந்தனைக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆசியத் துறைமுகங்களிலிருந்து மேற்கே சென்ற மலாய், கொச்சின் முதலிய கோழிகளைக் கலந்தே ஐக்கிய அமெரிக்காவில் றோட் ஐலண்ட் ரெட் உருவாக்கப்பட்டது. ஆசியாவிலிருந்து சென்ற பறவை, அரை நூற்றாண்டுக்குப் பின் "சீமைக்கோழி" என்னும் பெயரோடு ஆசியக் கிராமத்துக்கே திரும்பி வந்தது. மூலப்பொருளை அனுப்பி முடிவுப்பொருளை வாங்கும் காலனித்துவ வாணிபத்தின் சாயலை இதிலும் காணலாம்.

புதிய கோழியோடு புதிய வளர்ப்பு முறையும் வந்தது. அடைகாக்கும் இயல்பு குறைந்த இவ்வினங்களுக்குத் தாயின் வேலையை மனிதனே செய்யவேண்டும். ஒருநாட் குஞ்சுக்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை; பின்னர் வாரந்தோறும் மூன்று பாகை அளவிற் குறைத்துவரலாம். குஞ்சுகள் மின்குமிழின் கீழ் நெருங்கிக் குவிந்தால் குளிர் அதிகம் என்றும், விலகி ஓரங்களில் நின்று மூச்சிரைத்தால் வெப்பம் அதிகம் என்றும் அறியலாம். மார்கழி, தை மாதங்களிற் கண்டியின் இரவுக் குளிரும் மழைக்கால ஈரமும் புதிதாகத் தொடங்குவோருக்குப் பெருஞ் சோதனையாகும். உமியோ மரத்தூளோ பரப்பிய ஆழ்கூளம் ஈரமானால் இரத்தக்கழிச்சல் பரவும். ஆதலால் கூளத்தைக் கிளறி உலர்வாக வைத்திருப்பதே முதற் கடமையாகும்.

தீனியின் முறையும் மாறிற்று. குஞ்சுத் தீனியில் நூற்றுக்கு 20 அளவிற் புரதமும், முட்டையிடும் கோழியின் தீனியில் நூற்றுக்கு 16 அளவிற் புரதமும், முட்டையோட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் இருத்தல் வேண்டும். பத்தாவியாவிற் பணியாற்றிய எய்க்மன் என்னும் மருத்துவர் தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் நரம்பு நோயால் தளர்வதையும் தவிட்டோடு கூடிய அரிசி அதனை மாற்றுவதையும் 1890களிற் கண்டார். மனித உணவு பற்றிய அறிவியலையே மாற்றிய இக்கண்டுபிடிப்புக்காக 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். சோற்றுப் பருக்கையும் நொய்யும் மட்டும் கூட்டிலடைத்த கோழிக்குப் போதா என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. மேயும் கோழி தனக்குக் குறைவானதைத் தானே தேடிக்கொள்ளும். அடைபட்ட கோழிக்கு அதனை வாங்கிக் கொடுக்க வேண்டும். சுருங்கக் கூறின், புதிய முறை கோழியைச் சந்தையோடு பிணைத்தது.

சந்தையின் எழுச்சியும் நெருக்கடியும்

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாயிருந்தன. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுப் பஞ்சம் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கிற்று. மனிதருக்கே அரிசியும் மாவும் அரிதான காலத்தில் கோழிக்குத் தீனி கிடைப்பது எங்ஙனம்? 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் நிலைமை மாறியது. பெருங் கம்பனிகள் குஞ்சுப் பொரிப்பகங்களையும் தீனி ஆலைகளையும் அமைத்தன. முட்டையும் இறைச்சியும் நகர மக்களின் அன்றாட உணவாயின. முட்டையிடும் கலப்பினப் பேடு 18 முதல் 20 வாரங்களில் முட்டையிடத் தொடங்கி, ஆண்டுக்கு 300 முட்டை அளவிற் தரும் நிலை தோன்றியது.

எனினும் அப்பேடு முட்டையிடத் தொடங்குமுன் ஏறத்தாழ 7 கிலோ தீனியைத் தின்றுவிடும். பின்னர் நாளொன்றுக்கு 110 கிராம் அளவில் வேண்டும். உற்பத்திச் செலவில் பாதிக்கு மேற்பட்ட பங்கு தீனிக்கே செல்கின்றது. ஆகவே சோளத்தின் விலையே சிறு வளர்ப்பாளரின் தலைவிதியை நிர்ணயிக்கும் காரணியாயிற்று. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது சோளச் செய்கை வீழ்ந்தது. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது தீனிக்கான மூலப்பொருளும் மருந்தும் தாய்க்கோழிகளும் இறக்குமதியாவது தடைப்பட்டது. சிறு பண்ணையாளர் பலர் கோழிகளை விற்றுக் கூடுகளை வெறுமையாக்கினர். 2023 மார்ச் மாதத்தில் இந்தியாவிலிருந்து முட்டைகள் இறக்குமதி செய்யப்பட்டன. முட்டையில் தன்னிறைவு கண்டிருந்த நாட்டுக்கு இது கசப்பான படிப்பினையாகும்.

இந்நெருக்கடியின்போது வீட்டுத் தேவைக்காகச் சில கோழிகளை வளர்க்கும் எண்ணம் மீண்டும் பலரிடம் தோன்றியது. ஆனால் அவ்வாறு தொடங்கும் வாய்ப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. பலாவும் மிளகும் கராம்பும் நிறைந்த வீட்டுத்தோட்டமுடைய கண்டிக் கிராமத்தவருக்குக் கோழி மேய நிலமுண்டு. லயன் அறையில் வாழ்பவருக்கு அது இல்லை.

நிலைபேறின்மையின் வரலாறு

மலையகத் தமிழரின் வரலாற்றை இக்கோணத்திலிருந்து மீண்டும் நோக்குதல் பொருத்தமானது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது கண்டி மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளர் பலர் இடம்பெயர நேர்ந்தது. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் பல குடும்பங்களை வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குத் துரத்தின. அடுத்த பருவத்தில் எங்கிருப்போம் என்று அறியாத குடும்பம் எதனை வளர்க்கும்? கடவுச்சீட்டுக்காகக் காத்திருக்கும் வீட்டில் அடைவைத்த முட்டைக்கும் உத்தரவாதம் இல்லை.

அண்மைக் காலத்தில் தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு வழங்கும் திட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. பயன்பெற்றோர் தொகை இன்னும் தேவைக்கு மிகக் குறைவே. ஆயினும் வீட்டோடு முற்றமும் பத்திரமும் சேர்ந்து கிடைக்கும்போது ஏற்படும் மாற்றத்தை மதிப்பிடுவதற்கு முற்றத்துக் கோழிக்கூடும் ஓர் அளவுகோலாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, கோழி வளர்ப்பில் வெற்றிபெற அறிவு மட்டும் போதாது. நிலைத்த குடியிருப்பும் அவசியமாகும். இரண்டாவது, நோய்த்தடுப்பு தனிமனிதராற் சாதிக்கக்கூடியதன்று. அயலவரின் ஒத்துழைப்பும் பொது நிறுவனங்களின் சேவையும் அதற்குத் தேவை. மூன்றாவது, வெளிநாட்டுத் தீனியிலும் வெளிநாட்டுத் தாய்க்கோழியிலும் முற்றாகத் தங்கிய உற்பத்தி, நெருக்கடிக் காலத்தில் சிறு வளர்ப்பாளரையே முதலிற் கைவிடும்.

கன்னொறுவையும் கெட்டம்பையும் கரந்தகொல்லையும் பேராதனை வளாகத்திலிருந்து தொலைவில் இல்லை. அங்குள்ள அறிவு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும் அளவிற்குத் தமிழிலும் கிடைத்து, மலைச்சரிவிலுள்ள லயனைச் சென்றடைய வேண்டும். விலங்கியலும் விவசாயமும் பயிலும் தமிழ் மாணவர் அதற்கான எளிய நூல்களை எழுதலாம். வரலாறும் சமூகவியலும் பயில்வோர் தோட்டத்து மூதாட்டியரின் வளர்ப்பு அனுபவங்களை அவர்கள் வாழும் காலத்திலேயே கேட்டுப் பதிவுசெய்யலாம். இவ்விரு பணிகளும் உடனடியாகத் தொடங்கப்பட வேண்டியவையாகும்.